குயின்ஸ்லாந்தில் பி.எல்.ஏ. மூடியாயிற்று, அப்புறம் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பாலியல் தொழில் விடுதிகளுக்கு லைசென்ஸ் கொடுத்துவந்த அரசு ஆணையம் 2024 ஆகஸ்டு 2 அன்று இல்லாமல் போனது. அன்றிலிருந்து இங்கே பிரிஸ்பேனில் தெரிந்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், சும்மா செய்தியைப் பார்த்துக் குழம்பியவர்கள் என்று ஆளுக்கு ஆள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை, உங்களுக்கென்று தனிப் பிரச்சினை இருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

எந்த ஆபீஸை மூடினார்கள்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

ப்ராஸ்டிட்யூஷன் லைசென்சிங் அதாரிட்டி, சுருக்கமாக பி.எல்.ஏ. 1999ஆம் வருடச் சட்டம் ஒன்றின் கீழ் உருவாகி, 2000ஆம் ஆண்டு நடுவில் வேலையைத் தொடங்கிய மாநில அரசு அமைப்பு. விடுதி நடத்த விரும்புகிறவர்களின் பின்னணியைத் தோண்டிப் பார்த்து உரிமம் கொடுப்பது, விடுதி மேலாளர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பது, ஆய்வுக்குப் போவது, விளம்பரத்தில் எதை எழுதலாம் எதை எழுதக்கூடாது என்று வழிகாட்டுவது, இவைதான் அதன் வேலை. அதன் குழுவில் காவல்துறை, ஊழல் தடுப்பு ஆணையம், உள்ளாட்சி, மருத்துவம், சட்டம் என்று பல பக்கத்து ஆட்களும் இருந்தார்கள்.

கேள்விப்படாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை. மாநிலம் முழுக்க அது உரிமம் கொடுத்து வைத்திருந்தது கடைசிக் காலத்தில் சுமார் 20 விடுதிகளுக்குத்தான்.

லைசென்ஸ் கொடுக்கிறவனே இல்லை என்றால் இப்போது எல்லாமே சட்டவிரோதமா, இல்லை எல்லாமே ஓகேவா?

இரண்டும் இல்லை. 2024 மே 2 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம், வயதுவந்தவர்கள் தாங்களாக ஒப்புக்கொண்டு செய்யும் பாலியல் தொழிலைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. பழைய 1999 சட்டம் ரத்தானது, அதனோடு பி.எல்.ஏ.வும் போனது. இனிமேல் இந்தத் தொழிலுக்கென்று தனி உரிமம் கிடையாது, சலூன் வைக்க என்னென்ன பொதுச் சட்டங்கள் உண்டோ அவையெல்லாம் இதற்கும் உண்டு. வற்புறுத்தல், சிறார், ஆள் கடத்தல் எல்லாம் முன்பு போலவே கடுமையான குற்றங்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

1999லேயே சட்டப்பூர்வம் ஆக்கிவிட்டார்களே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது. 1999இல் நடந்தது, "பொதுவாகக் குற்றம், ஆனால் இந்த இரண்டு வழியில் செய்தால் விட்டுவிடுகிறோம்" என்ற ஏற்பாடு. ஒன்று, உரிமம் பெற்ற விடுதிக்குள். இரண்டு, யாருடனும் சேராமல் தன்னந்தனியாக. இந்த இரண்டுக்கும் வெளியே எப்படிச் செய்தாலும் குற்றம்தான். இப்போது அந்தத் தலைகீழ்க் கணக்கு மாறிவிட்டது: பொதுவாகக் குற்றமில்லை, குறிப்பிட்ட சில செயல்கள் மட்டும் குற்றம்.

முதலில் எதற்கு இப்படி ஒரு ஆணையத்தை உண்டாக்கினார்கள்?

போலீஸ் லஞ்சத்துக்குப் பயந்து. இதைப் புரிந்துகொள்ளாமல் பி.எல்.ஏ.வைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1980களில் குயின்ஸ்லாந்தில் இந்த விடுதிகளும் உரிமமில்லாத சூதாட்டக் கூடங்களும் சட்டப்படி கிடையாது, ஆனால் ஊருக்கே தெரியும்படி நடந்தன. அமைச்சர்கள் "அப்படி எதுவும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1987 மே மாதம் ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி.யின் தொலைக்காட்சியில் கிறிஸ் மாஸ்டர்ஸ் என்ற செய்தியாளரின் புலனாய்வு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதையொட்டி டோனி ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. சில வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த விசாரணை 1989 வரை நீண்டது. மாதாமாதம் விடுதிக்காரர்களிடம் வசூல் செய்து போலீஸுக்குள் பங்கு போடும் ஏற்பாடு ஒன்று வருடக்கணக்கில் ஓடியது அதில் அம்பலமாயிற்று. அந்த ஏற்பாட்டுக்கு அவர்களுக்குள் வைத்திருந்த பெயர் 'தி ஜோக்'! நீண்ட காலம் முதல்வராக இருந்த ஜோ பியெல்கி பீட்டர்சன் 1987 டிசம்பரில் பதவி விலகினார். போலீஸ் கமிஷனர் டெரி லூயிஸுக்கு 1991இல் 14 வருட சிறைத் தண்டனை கிடைத்தது. முன்னாள் அமைச்சர்கள் சிலரும் உள்ளே போனார்கள்.

இவ்வளவும் நடந்த ஊரில் அடுத்து வந்த எந்த அரசும் இந்தத் தொழிலைப் போலீஸ் கையில் விடத் துணியவில்லை. 1992இல் இன்னும் இறுக்கினார்கள், தனியாக வேலை செய்வது மட்டும்தான் குற்றமில்லை என்றாயிற்று. 1999இல் பீட்டர் பீட்டி அரசு கொஞ்சம் தளர்த்தி, உரிமம் கொடுக்கும் பொறுப்பைப் போலீஸிடமிருந்து தள்ளி ஒரு தனி ஆணையத்திடம் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான யோசனைதான் என்பது என் கருத்து.

அப்படியென்றால் நல்ல அமைப்புதானே? இத்தனை வருஷம் ஓடியதை ஏன் மூட வேண்டும்?

உரிமம் பெற்ற விடுதிகளுக்குள் ஒழுங்காகத்தான் நடந்தது. சிக்கல் என்னவென்றால் தொழிலின் பெரும்பகுதி அந்த விடுதிகளுக்குள் வரவே இல்லை. பத்தில் ஒரு பங்குதான் உரிமத்துக்குள் இருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மற்றவர்கள் ஒன்று தனியாக வேலை செய்தார்கள், இல்லை சட்டத்துக்கு வெளியே.

உரிமம் வாங்குவதும் லேசில்லை. வருடத்துக்குப் பல்லாயிரம் டாலர் கட்டணம், ஐந்து அறைக்கு மேல் கூடாது, குடியிருப்பு, பள்ளி, கோவில், ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு ஆள் அனுப்பக்கூடாது. மக்கள் தொகை 25,000க்குக் குறைந்த ஊர்களில் அமைச்சர் ஒப்புதலோடு கவுன்சில் (உள்ளாட்சி) விடுதியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு மாநிலம் முழுக்க 20 மிஞ்சியதில் என்ன அதிசயம்?

2021 ஆகஸ்டில் மாநில அரசு இந்த விஷயத்தைச் சட்டச் சீர்திருத்த ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2023 ஏப்ரலில் வெளியான அதன் அறிக்கை 47 பரிந்துரைகளைச் செய்தது. அதன் சாரம், உரிம முறையை விட்டுவிட்டு இதை மற்ற வேலைகளைப் போல நடத்துங்கள் என்பது. ரெஸ்பெக்ட் இங்க் என்ற பாலியல் தொழிலாளர் அமைப்பும் அதோடு சேர்ந்தவர்களும் பல வருடங்களாகக் கேட்டுவந்ததும் இதைத்தான்.

ரெண்டு பேர் சேர்ந்து வேலை பார்த்தால் குற்றம் என்கிறீர்களே, அது எப்படி?

மேலே சொன்ன 'தன்னந்தனியாக' என்பதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் ஒரே ஃபிளாட்டைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்தால் அது உரிமமில்லாத விடுதி. ஃபோன் எடுக்க ஒரு ஆளை வைத்தால் அந்த ஆளும் குற்றவாளி. தெரியாத இடத்துக்குப் போகும்போது கூட வேலை செய்யும் இன்னொருத்திக்கு "போய்ச் சேர்ந்துவிட்டேன், இத்தனை மணிக்கு வருவேன்" என்று மெசேஜ் அனுப்புவதே வம்பாக முடியலாம் என்று தொழிலாளர் தரப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போலீஸார் வாடிக்கையாளர் போல நடித்துப் பேச்சுக் கொடுத்து, சட்டத்துக்குப் புறம்பான ஏதாவது ஒன்றுக்கு ஒத்துக்கொள்ள வைத்துப் பிடிக்கவும் சட்டம் இடம் கொடுத்தது.

ஒருவர் பாதுகாப்பாக இருப்பதற்குச் செய்யும் காரியங்கள் ஒவ்வொன்றும் குற்றமாக இருந்தால் அவர் அடி வாங்கினாலும் போலீஸிடம் போகமாட்டார். என்னைக் கேட்டால் சட்டத்தை மாற்ற வேறு காரணமே வேண்டாம், இது ஒன்றே போதும்.

சரி, இப்போது யார்தான் கண்காணிக்கிறார்கள்? யாருமே இல்லையா?

ஒரே ஒரு ஆபீஸ் இல்லை, வேலை பல ஆபீஸுக்குப் பிரிந்துவிட்டது. வேலையிடப் பாதுகாப்பை மாநிலத்தின் வேலையிடச் சுகாதார, பாதுகாப்புத் துறை பார்க்கிறது. முதலாளி ஆள் வைத்து நடத்தினால், அவருடைய ஆட்களின் பாதுகாப்புக்கு அவர்தான் பொறுப்பு. கட்டடம், பார்க்கிங், சத்தம் போன்றவை கவுன்சிலிடம். நோய்த்தொற்று பொதுச் சுகாதாரத் துறையிடம். பாகுபாடு காட்டினால் மனித உரிமை ஆணையம். அடிதடி, மிரட்டல், வற்புறுத்தல் என்றால் போலீஸ்.

"எதற்கெடுத்தாலும் ஓடிப் போக ஒரு இடம் இருந்தது, இப்போது அது இல்லை" என்று ஒருவர் குறைப்பட்டார். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தப் புகாரை எங்கே கொடுப்பது என்று புரியாதவர்களுக்கு இது தொல்லைதான். ஆனால் சட்டத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த பெரும்பாலோருக்கு அந்த ஒரு இடமும் முன்பு திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூணு மாசத்துக்கு ஒருமுறை டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டுமே, அதுவும் போச்சா? நோய் பரவாதா?

உரிமம் பெற்ற விடுதிகளில் இருந்த அந்த நடைமுறை போய்விட்டது. ஆணுறை இல்லாமல் சேவை தருவதைத் தனிக் குற்றமாக வைத்திருந்த பிரிவும் போய்விட்டது. கேட்டவுடன் திடுக்கிடத்தான் செய்யும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பரிசோதனை செய்த மறுநாளே தொற்று வரலாம், அந்தச் சான்றிதழ் மூன்று மாதம் செல்லும். காகிதத்தைக் காட்டி "அதுதான் சர்டிஃபிகேட் இருக்கிறதே, எதற்கு ஆணுறை" என்று வாடிக்கையாளர் வாதம் பண்ணுவதற்கும் அதே காகிதம் உதவும்.

பொதுச் சுகாதாரச் சட்டம் எல்லோருக்கும் போல இவர்களுக்கும் உண்டு. 2024 செப்டம்பரில் குயின்ஸ்லாந்தில் சம்மதம் பற்றிய சட்டமும் மாறியது. ஆணுறை போடுவதாக ஒப்புக்கொண்டுவிட்டுச் சொல்லாமல் கழற்றினால் அது வன்புணர்வுக் குற்றமாகும். பணம் கொடுத்தவனுக்கும் இதில் விலக்கு இல்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு விடுதி வந்துவிட்டால்? கவுன்சிலில் சொல்லித் தடுக்க முடியாதா?

பாலியல் தொழில் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்க முடியாது. இந்தத் தொழிலைத் தடைசெய்யும் உள்ளூர் விதிகளைக் கவுன்சில்கள் போடக்கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. முன்பு இருந்த 200 மீட்டர் விதியும் கிடையாது.

அதற்காக யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பெரிய விடுதி திறந்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. குடியிருப்புப் பகுதியில் ஒரு முடிதிருத்தும் கடையோ மசாஜ் கடையோ திறக்க என்ன அனுமதி வேண்டுமோ அதே அனுமதிதான் இதற்கும். வீட்டிலிருந்தே செய்யும் தொழில் என்றால் வீட்டுத் தொழிலுக்கான பொது விதிகள். ராத்திரி இரண்டு மணிக்குக் கார் கதவைச் சாத்தும் சத்தம் தொல்லை என்றால் சத்தத்துக்காகப் புகார் கொடுங்கள், எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தனியாக வேலை செய்தவர்கள் பழைய சட்டத்திலும் சாதாரண ஃபிளாட்டுகளில்தான் இருந்தார்கள். உங்கள் தெருவில் ஏற்கனவே யாராவது இருந்திருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ரோட்டில் நின்று ஆள் பிடிப்பதும் இனி சரியா?

அதற்கென்று இருந்த தனிக் குற்றப்பிரிவு நீக்கப்பட்டது. பொது இடத்தில் தொல்லை கொடுப்பது, வழி மறிப்பது, ஆபாசமாக நடப்பது பற்றிய பொதுச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன, அவை எல்லோருக்கும் பொருந்தும்.

நான் மோட்டல் நடத்துகிறேன். அந்த மாதிரி ஆட்களுக்கு ரூம் இல்லை என்று சொல்லலாம்தானே?

இனி சொல்லக்கூடாது. இதற்கு ஒரு பெரிய கதை உண்டு. சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த மொரான்பா என்ற ஊரில் ஒரு மோட்டல், வழக்கமாக வந்து தங்கும் ஒரு பாலியல் தொழிலாளிக்கு, அவர் தொழில் தெரிந்ததும் இனி அறை இல்லை என்றது. அவர் பாகுபாடு என்று வழக்குப் போட்டார். முதலில் தோற்றார், 2012இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார், 2013இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. இதற்கு நடுவில் 2012இல் அப்போதைய அரசு, தங்குமிடம் நடத்துபவர்கள் மறுக்கலாம் என்று சட்டத்தையே திருத்திவிட்டது.

2024 சட்டம் அந்த விலக்கைத் தூக்கிவிட்டது. ஒருவர் பாலியல் தொழிலாளி என்பதற்காக அறை மறுப்பது, கூடுதல் வாடகை கேட்பது, பாதியில் காலி பண்ணச் சொல்வது எல்லாம் சட்டவிரோதப் பாகுபாடு. மற்ற விருந்தினர்களுக்குத் தொந்தரவு கொடுத்தால் வெளியேற்றும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அது யாராக இருந்தாலும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருப்பவர் இதைச் செய்தால் நான் மாட்டுவேனா?

பழைய சட்டத்தில் மாட்டியிருக்கலாம். சட்டவிரோதமாகத் தொழில் நடக்கும் இடம் என்று தெரிந்தே அதை விட்டு வைத்திருந்தால் இட உரிமையாளர் மேலும் வழக்கு வரும். தொழிலே குற்றமில்லை என்றான பிறகு அந்தப் பயம் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் 'வீட்டிலிருந்து தொழில் செய்யக்கூடாது' என்று எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக எழுதியிருந்தால் அது வேறு பேச்சு. இந்தத் தொழிலுக்கு மட்டும் அந்த வரியைக் காட்டிவிட்டு, அடுத்த வீட்டில் டியூஷன் எடுப்பவரைக் கண்டுகொள்ளாமல் விட்டீர்கள் என்றால் மோட்டல்காரருக்குச் சொன்னதைத் திரும்பப் படிக்கவும்.

லைசென்ஸ் வைத்திருந்த அந்த 20 விடுதிகளும் என்ன ஆயின?

உரிமம் காலாவதி ஆனது, விடுதி மூட வேண்டியதில்லை. சாதாரண வணிகமாகத் தொடரலாம். ஐந்து அறை வரம்பு இல்லை, வெளியே ஆள் அனுப்பத் தடை இல்லை. என்ன, இத்தனை வருடம் கட்டணம் கட்டிச் சம்பாதித்த 'சட்டப்படி நடப்பது நாங்கள் மட்டும்தான்' என்ற அனுகூலம் போய்விட்டது. அவர்களில் சிலருக்கு இதில் வருத்தம் இருந்தால் புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

அந்த ஆபீஸில் என் பெயர், விவரம் எல்லாம் இருக்குமே. அது யார் கையில் போகும்?

இதைக் கேட்பவர்கள் மெதுவான குரலில் கேட்கிறார்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். குயின்ஸ்லாந்தில் பி.எல்.ஏ. தொழிலாளிகளுக்கு உரிமம் கொடுக்கவில்லை. விடுதி நடத்துபவர்களுக்கும் மேலாளர்களுக்கும்தான் கொடுத்தது. தனியாக வேலை செய்தவர்கள் எங்கும் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. ஆக, தொழிலாளிகள் எல்லோருடைய பெயரும் உள்ள பட்டியல் என்று ஒன்று கிடையாது. உரிமதாரர்கள், மேலாளர்கள் பற்றிய கோப்புகள் அரசு ஆவணங்கள், அவற்றைப் பொது ஆவணச் சட்டமும் தனியுரிமைச் சட்டமும் கட்டுப்படுத்தும்.

இப்படித் திறந்துவிட்டால் ஆள் கடத்தலும் சின்னப் பெண்களை வைத்து நடத்துவதும் பெருகாதா?

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சம்பந்தப்பட்ட எதுவும் முன்பும் குற்றம், இப்போதும் குற்றம். சிறாரிடம் சேவை பெறுவது, சிறாரை இதில் ஈடுபட அனுமதிப்பது, சிறாரை வைத்துத் தொழில் நடத்துவது மூன்றையும் தனித்தனிக் குற்றமாக 2024 சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மிரட்டி, ஏமாற்றி இதில் தள்ளுவதும் இதிலேயே வைத்திருப்பதும் குற்றம். ஆள் கடத்தலும் அடிமைத்தனமும் மத்திய அரசின் குற்றவியல் சட்டத்தில் வருகின்றன, மாநிலச் சட்டம் மாறியதால் அதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர் இந்த வேலை செய்தால் விசா போய்விடுமா?

விசா விஷயம் முழுக்க மத்திய அரசினுடையது. வேலை செய்ய அனுமதி உள்ள விசா என்றால் எந்தச் சட்டபூர்வ வேலைக்கும் உள்ள நிபந்தனைதான். மாணவருக்கு, வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். "போலீஸில் சொல்லி விசாவைக் கேன்சல் பண்ணிவிடுவேன்" என்று யாராவது மிரட்டிக் கூடுதல் வேலை வாங்கினால் அந்த மிரட்டல்தான் குற்றம்.

இதோடு சேர்த்துக் கேட்கப்படும் வரிக் கேள்விக்கும் பதில்: ஆமாம், வரி கட்ட வேண்டும், பழைய சட்டத்திலும் கட்டித்தான் ஆக வேண்டும். தனியாகத் தொழில் செய்தால் ஏ.பி.என். (ஆஸ்திரேலிய வணிகப் பதிவு எண்) வேண்டும், வருட வரவு 75,000 டாலரைத் தொட்டால் ஜி.எஸ்.டி. பதிவும்.

வேறு மாநிலத்திலும் இப்படித்தானா?

நியூ சவுத் வேல்ஸ் 1995லேயே செய்துவிட்டது. நார்தர்ன் டெரிட்டரி 2019இல். விக்டோரியாவில் 2022 மேயில் பாதி, 2023 டிசம்பரில் மீதி. விக்டோரியாவில் உரிமம் கொடுத்த அமைப்பு வேறு பல தொழில்களுக்கும் உரிமம் கொடுப்பது, அதனால் அது இன்னும் இருக்கிறது, இந்த ஒரு வேலையை மட்டும் விட்டுவிட்டது. பி.எல்.ஏ.வுக்கு இதைத் தவிர வேறு வேலையே இல்லை, அதனால் ஆபீஸே போனது. பக்கத்து நாடான நியூசிலாந்து 2003இல் குற்றநீக்கம் செய்தாலும், விடுதி நடத்துபவர்களுக்கு ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டது, தற்காலிக விசாக்காரர்கள் இந்த வேலை செய்யக்கூடாது என்றும் வைத்தது.

ஆட்சி மாறிவிட்டதே. பி.எல்.ஏ. திரும்ப வருமா?

சட்டமன்றத்தில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த எல்.என்.பி. (லிபரல் நேஷனல் கட்சி) இந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தது, 2024 அக்டோபர் தேர்தலில் ஆட்சிக்கும் வந்தது. ஆனாலும் சட்டம் நிற்கிறது. திரும்பக் கொண்டுவருவது சும்மா ஒரு போர்டை மாட்டுவது இல்லை. ரத்தான சட்டத்தைப் புதிதாக எழுத வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வதை மறுபடி குற்றமாக்க வேண்டும், அதைச் சட்டமன்றத்தில் நின்று நியாயப்படுத்த வேண்டும்.

போலீஸ் லஞ்சத்துக்குப் பயந்துதானே ஆணையம் வந்தது என்றீர்கள். ஆணையம் போனால் லஞ்சம் திரும்ப வராதா?

கேட்டவற்றில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். 'தி ஜோக்' காலத்தில் போலீஸ்காரர் விற்றது என்ன? "உன்னைப் பிடிக்காமல் இருக்கிறேன்" என்பதை. தொழில் குற்றமாக இருந்ததால்தான் அதற்கு விலை இருந்தது. உரிம முறை வந்த பிறகும் உரிமத்துக்கு வெளியே இருந்த பெரும்பகுதிக்கு அந்த நிலை முழுதாக மாறவில்லை. இப்போது பிடிக்கவே முடியாது என்றால் பிடிக்காமல் இருப்பதை விற்கவும் முடியாது.

அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அனுமதி கொடுக்கும் அதிகாரம் எங்கே போனதோ சபலமும் அங்கே போகும், அது இப்போது கவுன்சிலின் கட்டட, திட்டப் பிரிவுகளில் இருக்கிறது. ஓட்டல், பார் நடத்துபவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான். எந்த அதிகாரியாவது உங்களிடம் காசு கேட்டால் குற்றம் மற்றும் ஊழல் ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். ஃபிட்ஸ்ஜெரால்ட் அறிக்கையின் பேரில் பிறந்த ஆணையத்தின் இன்றைய வாரிசு அதுதான், அதை யாரும் மூடவில்லை. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.